எழவு வீட்டில் மட்டும் மருமகள்

பவுரிங்பேட்டையில் ரயில் மாறி உட்கார்ந்ததும் எதிரே இருந்த அம்மாள் தன் பிள்ளையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். "காப்பிரி அது. முறைச்சுப் பாக்காதே, பிடிச்சுக்கிட்டுப் போயிடும்" என்று தெலுங்கில் சொன்னாள். ஆப்பிரிக்காவில், நெட்டாலில் எங்கள் கரும்புத் தோட்டத்தில் பாதிப்பேர் தெலுங்குக்காரர்கள், அதனால் எனக்கு எல்லாம் புரிந்தது. என் டிரங்குப் பெட்டியில் ஏற்கெனவே நாலு பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கிறார்கள், இவனுக்கு இடமில்லை என்று தமிழில் சொன்னேன்.

திறந்த வாய் மூட அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மூடியதும் சிரித்தாள். பிறகு அவள் பேசிய தமிழ் என் அப்பா பேசிய அதே வடாற்காட்டுத் தமிழ். யார் பெற்ற பெண், எந்த ஊர், தலையில் திரி திரியாக அது என்ன என்றெல்லாம் கேட்டாள். நானும் சலிக்காமல் சொன்னேன். இறங்குவதற்கு முன் பிள்ளையின் கையைப் பிடித்து என் முடியைத் தொட வைத்தாள். தொட்டுப் பார்த்துவிட்டு அவன் இறங்க மாட்டேன் என்று அழுதான்.

என் அப்பா சின்னசாமி தாது வருசத்துப் பஞ்சத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி நெட்டாலுக்குக் கரும்பு வெட்டப் போனவர். அம்மா நோமூசா அந்த மண்ணிலேயே பிறந்த ஜூலுப் பெண். அப்பா எனக்கு அஞ்சலை என்று பெயர் வைத்தார். அம்மா லிண்டிவே என்று வைத்தாள், காத்திருந்து பெற்ற பெண் என்று பொருள். நிறம் இரண்டு பக்கமிருந்தும் வந்தது, யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று பிரிக்க முடியாது. முடி மட்டும் முழுக்க அம்மாவுடையது. அதைச் சின்னச் சின்னத் திரிகளாக முறுக்கி நுனியில் மணி கோத்திருப்பேன். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்பது நானாக வைத்துக்கொண்ட வரிசை. அம்மாவின் ஊரில் பெண்கள் ஒருத்தியின் வரிசையை இன்னொருத்தி வைக்க மாட்டார்கள். பின்னாலிருந்து பார்த்தே யார் போகிறாள் என்று சொல்லிவிடலாம். என்னைக் கண்ணாடியில் பார்க்க எனக்குப் பிடிக்கும், இதைச் சொல்வதில் கூச்சமில்லை.

ஒரு துரைசானியின் குழந்தைகளுக்கு ஆயாவாகத்தான் நான் கப்பலேறி வந்தேன். அவர்கள் பெங்களூரில் தங்கியபோது சில நாள் விடுப்புக் கேட்டுக்கொண்டு தங்க வயலுக்குப் புறப்பட்டேன். போன மழைக்காலத்தில் அப்பா செத்துப்போனார். படுக்கையில் கிடந்தபோது சோறு கேட்கவில்லை, மருந்து கேட்கவில்லை. "எந்தங்கச்சி காத்தாயி ஒருவாட்டி வாயத் தொறந்து என்ன நெனச்சி அழுதுட்டா போதும்" என்றார். சொந்தம் என்றால் என்ன என்று சின்ன வயதில் அவரைக் கேட்டிருக்கிறேன். சாவு வீட்டில் அத்தைக்காரி கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதால் அதுதான் சொந்தம் என்று சொல்லியிருந்தார். தங்கச்சி தங்கச் சுரங்கத்துக் கூலி லைனில் குடியிருப்பதை, ஊர்ப் பக்கம் போய்த் திரும்பிய ஒருவர்தான் யாரோ சொல்லக் கேட்டு வந்து எங்களுக்குச் சொன்னார். அப்பாவுக்கு ஒரு அழுகை, எனக்கு ஒரு கழுத்துக்கட்டு. அதற்காகத்தான் வந்தேன்.

ஸ்டேஷனில் கிடைத்த வண்டிக்காரர் பெயர் நஞ்சப்பா. என் வெள்ளைச் சேலையையும் நிறத்தையும் பார்த்தார், எங்கே என்று கேட்காமல் நேராக மேட்டு மேல் இருந்த ஒரு துரை பங்களா வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கிருந்த துரைசானி, ஆயா யாரையும் கேட்கவில்லையே என்று முழித்தாள். இவருக்குத் திட்டு, எனக்குச் சிரிப்பு. திரும்பி வரும் வழியில், தங்கம் எடுத்தபின் அரைத்துக் கொட்டிய மணல் மலை போலக் குவிந்து கிடக்கும் இடத்தில், சக்கரம் புதைந்துகொண்டது. அந்த நேரம் பார்த்துக் காற்று அடித்தது. மணல் மாவாகப் பறந்து மாட்டையும் அவரையும் என்னையும் ஒன்றுபோல வெளுக்க வைத்தது. காற்றடித்தால் இங்கே எல்லாரும் துரைமார்தான் என்றார் நஞ்சப்பா. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மிச்ச தூரம் நடந்தேன்.

லைன் வீடுகளுக்குச் சுவர் கிடையாது, மூங்கில் தட்டிதான். கல் உடைக்கும் ஸ்டாம்பு மில்லின் சத்தம் ஒரு நிமிடமும் நிற்காததால் எல்லாரும் கத்தித்தான் பேசுகிறார்கள். தட்டி வழியாக அது நாலு வீட்டுக்குக் கேட்கிறது. எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளும் இப்படித்தான், அங்கே தகரம்.

அத்தை வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். வெளுத்துப்போய் நின்ற என்னைப் பார்த்து முறத்தைக் கீழே போட்டாள். ஒரு செம்புத் தண்ணீர் கேட்டு முகத்தைக் கழுவினேன். மணல் போய் முகம் வெளியே வந்ததும் அவள் இன்னும் பயந்தாள். நான் சின்னசாமி மகள், உங்களுக்குச் சேதி சொல்ல வந்திருக்கிறேன் என்றேன். அவள் என் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்பாவின் நெற்றி, நடுவில் ஒரு பள்ளம் உண்டு. அவளுக்கும் இருந்தது. சேதியைச் சொன்னேன்.

அவள் அழவில்லை. என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துத் தட்டிக் கதவைச் சாத்தினாள். "எங்கண்ணன் செத்து எத்தினியோ வருசம் ஆச்சி" என்றாள்.

பிறகுதான் விவரம் சொன்னாள். கப்பலேறிப் போனவரிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. பஞ்சம் தீர்ந்தும் வரவில்லை என்றதும் ஊர்ப் பெரியவர்கள் கூடி, தர்ப்பைப் புல்லில் பொம்மை செய்து, அதற்குச் சின்னசாமி என்று பெயர் சொல்லிக் கொளுத்திக் கருமாதி செய்துவிட்டார்கள். அன்றைக்கே அழுது முடித்தாயிற்று. ஒரு ஆளுக்கு இரண்டு முறை எழவு எடுத்தால் வீடு தாங்காது, அதிலும் கல்யாணம் நடக்கப்போகிற வீடு. அந்தப் பொம்மை எரிந்த நாளில் அப்பா உயிரோடு எங்கேயோ கரும்பு வெட்டிக்கொண்டு, தங்கச்சி என்ன செய்கிறாளோ என்று நினைத்துக்கொண்டிருந்திருப்பார். யாரைக் கோபித்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஆனால் சோறு போட்டாள். கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் கருவாடும். எங்கள் ஊரில் அம்மா சோள மாவில் இதையே கிண்டுவாள், வெள்ளையாக இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். விரலில் எடுத்துக் குழி செய்து கீரையைத் தொட்டு மெல்லாமல் விழுங்கினேன். இங்கே வந்து போகிற வெளியூர்க்காரர்கள் எல்லாரும் களியை மென்று மாட்டிக்கொள்வார்களாம். அத்தை என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு கேட்காமலே இன்னொரு உருண்டை வைத்தாள்.

கல்யாணம் அவள் மகள் பச்சையம்மாவுக்கு. பெண் நல்ல கறுப்பு, அதனால் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் வந்த வழியே போய்க்கொண்டிருந்தார்கள். வந்தவர்களும் வெளுப்பு ஒன்றுமில்லை, எல்லாரும் களிப்பானைக்கு அக்கா தங்கைகள். இப்போது அதே லைனில் கடைசி வீட்டு அம்மாள் தன் பிள்ளைக்குப் பார்க்க வருகிறாள். இந்த நேரத்தில் காப்பிரி உறவு என்று தெரிந்தால் முடிந்தது கதை. "மிஷன் ஆயான்னு சொல்றேன். தலைய மூடிக்கோ. உனுக்குத் தமிழ் தெரியாதுன்னு வெச்சிக்கலாம்" என்றாள் அத்தை. ஆயா என்பதில் பொய்யில்லை. அதனால்தான் மறுத்துப் பேச வரவில்லை. வெள்ளைத் துணியைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். நுனி மணிகள் கழுத்தில் குத்தின.

மறுநாள் பக்கத்து வீட்டு எல்லம்மா வந்தாள். தட்டி வழியாக அவளுக்கு எல்லாம் தெரிந்துபோயிருந்தது, தெரியாத மாதிரி நடிக்கவும் அவளுக்கு வரவில்லை. துணியை அவிழ்க்கச் சொல்லித் திரிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். பஞ்சு மாதிரி இருக்கும் என்று நினைத்தாளாம், கம்பளி மாதிரி இருக்கிறதாம். அவளே ஒரு பார்க்க வேண்டிய ஆள். என்னைவிட ஒரு பிடி கறுப்பு. அந்தக் கறுப்பின் மேல் கிளிப்பச்சைச் சேலை, கொண்டையில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புச் செம்பருத்தி. கறுப்பிக்கு எதற்குச் சிவப்பு என்று லைன் முழுக்கப் பேசுவார்களாம். வெளுத்தவள் வைத்தால் பூ வாடித் தெரியும், என் தலையில்தான் அது பூவாகத் தெரியும் என்று பதில் சொல்வாளாம். அவள் புருசன் ஷிப்டு முடிந்து சுரங்கத்துக் கூண்டான கேஜில் மேலே வந்ததும் குளிப்பதற்கு முன்னால் போய் அந்தப் பூவைப் பறித்து வருவான் என்று பச்சையம்மா வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள்.

எல்லம்மாதான் லைன் வழக்கமெல்லாம் எனக்குச் சொன்னாள். எழவு வீட்டில் பெண்கள் ஒப்பாரியில் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், விடிந்த பிறகு அதை யாரும் எடுத்துப் பேசக் கூடாது. போன மாதம் ஒரு சாவில் ஒரு நாத்தனாரும் அண்ணியும் இருபது வருசத்துச் சண்டையை ஒப்பாரியில் கொட்டினார்களாம். மறுநாள் ஒரே குழாயில் முன்னும் பின்னுமாகத் தண்ணீர் பிடித்தார்களாம்.

அன்றைக்குச் சாயங்காலம் அத்தை தண்ணிக்குப் போயிருந்தபோது பச்சையம்மா என்னிடம் வந்து உட்கார்ந்தாள். முகம் முழுக்கக் கடலை மாவும் மஞ்சளும் காய்ந்து வெடித்திருந்தது. மெதுவாக "அண்ணி" என்று கூப்பிட்டாள். அந்த ஊரில் என்னை முறை சொல்லிக் கூப்பிட்ட முதல் ஆள் அவள். தனக்கும் ஒரு திரி முறுக்கிவிடச் சொன்னாள். காதுக்குப் பின்னால், கொண்டைக்கு அடியில், யாரும் பார்க்காத இடத்தில். அம்மா என் தலையை மடியில் வைத்து முறுக்கும்போது, உன்னைப் பார்க்கிறவன் கண்ணுக்காக நீ பிறக்கவில்லை என்று அவள் பாஷையில் சொல்வாள். அதைத் தமிழில் சொன்னேன். அப்படியானால் யார் என்னைக் கட்டிக்கொள்வார்கள் அண்ணி என்று அவள் கேட்டாள். நான் திரியை முறுக்கி முடித்து நுனியை இறுக்கிக் கட்டினேன்.

கடைசி வீட்டு அம்மாள் பெண் பார்க்க வந்தாள். நான் மூலையில் தமிழ் தெரியாதவளாக உட்கார்ந்திருந்தேன். வந்தவள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன் என்னைப் பார்த்தாள். இதுங்க மனுசக் கறி தின்னுமாமே, உதட்டைப் பார், தலையில் என்ன கட்டியிருக்கிறதோ என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனாள். அத்தை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு நாக்கு நுனியில் நல்ல பதில்கள் வரிசையாக வந்து நின்றன, எல்லாவற்றையும் களியைப் போல விழுங்கினேன். பிறகு பச்சையம்மா வந்து நின்றாள். அந்த அம்மாள் அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி அவளைப் பார்த்தாள்.

"கறுப்பு கறுப்புன்னாங்களே. இவள வெச்சிகினு பாத்தா உம்பொண்ணு மாநிறம்" என்றாள்.

வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். பச்சையம்மா என்னைப் பார்க்காமலே உள்ளே போனாள். ஊர்விட்டு ஊர் வந்ததற்கு நான் செய்த உபகாரம் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன். சிரிக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

அடுத்த நாள் பகல் ஷிப்டு இறங்கிக் கொஞ்ச நேரத்தில் தரை ஒரு முறை குலுங்கியது. அடுப்பில் இருந்த சட்டி நகர்ந்தது. இங்கே அடிக்கடி அப்படி ஆகுமாம். ஆனால் அந்த முறை பெண்கள் எல்லாரும் செய்கிற வேலையை விட்டுவிட்டு சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்டு இருக்கும் திசையைப் பார்த்து நின்றார்கள். கீழே ஒரு லெவலில், ஆட்கள் குடையும் தளத்தில், கல் விழுந்திருந்தது. எல்லம்மாவின் புருசனை ஒரு கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். மற்ற பெண்கள் மூச்சு விட்டார்கள், விட்டதற்காகவே அழ ஆரம்பித்தார்கள்.

வட்டமாக உட்கார்ந்து, தோளில் கை போட்டு, ஆடி ஆடி அழுதார்கள். நான் வட்டத்துக்கு வெளியே, தட்டியோரம் உட்கார்ந்தேன். தமிழ் தெரியாதவளுக்கு அங்கே என்ன இடம். முதலில் எல்லாரும் எல்லம்மாவின் புருசனைத்தான் பாடினார்கள். பிறகு ஒவ்வொருத்தியும் தன் தன் சாவுக்குப் போனாள். ஒருத்தி பிள்ளையை அழுதாள், ஒருத்தி அம்மாவை. கடைசி வீட்டு அம்மாள்கூடத் தன் அக்காவை அழுதாள். அப்போது அத்தையின் குரல் எழுந்தது.

"கப்பலேறிப் போனவரே என் கூடப் பொறந்தவரே,
கரை கண்ட சேதி ஒண்ணும் காத்து வந்து சொல்லலியே.
புல்லால பொம்ம செஞ்சி பொய்யாக் கொளுத்தினேனே,
நெசமா நீ போன அன்னிக்கி நான் கேவுரு அரைச்சி நின்னேனே."

தலையிலிருந்த துணியை அவிழ்த்துப் போட்டேன். எழுந்து வட்டத்துக்குள் போய் அவள் முன்னால் உட்கார்ந்தேன். மணிகள் சத்தமிட்டன. அத்தை என் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள், மூச்சு முட்டும்படி.

"கறுத்த மேகமாட்டம் கடல் தாண்டி வந்தவளே,
என் அண்ணன் நெத்தியோட எதுருல நின்னவளே.
ஆயான்னு சொன்ன வாயி அழுகித்தான் போகாதோ,
மருமவளே ஒன்ன நானு மறைச்சி வெச்ச பாவி ஆனேன்."

நான் தமிழில் அழ ஆரம்பித்தேன். வழியில் எங்கேயோ அது அம்மாவின் பாஷையாக மாறிவிட்டது. யாரும் நிறுத்தவில்லை. கடைசி வீட்டு அம்மாளின் கை என் முதுகில் இருந்தது, எல்லார் முதுகிலும் ஒரு கை இருந்த மாதிரி. அப்பா கேட்டது அவருக்குக் கிடைத்துவிட்டது. எனக்கும் கிடைத்துவிட்டது என்றுதான் அப்போது நினைத்தேன்.

விடிந்தது. அத்தை எனக்கு முன்பே எழுந்து என் தலைத்துணியைத் துவைத்துக் காயப்போட்டு மடித்து வைத்திருந்தாள். அதை என்னிடம் நீட்டினாள். கடைசி வீட்டு அம்மாள் வாசலில் நின்று கல்யாண நாள் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், ஆயா இன்னிக்குப் புறப்படுதா என்று அத்தையைக் கேட்டாள். ஆமாம் என்றாள் அத்தை. இருவர் முகத்திலும் ஒரு சின்ன அசைவுகூட இல்லை. வழக்கம் என்றால் அப்படி ஒரு வழக்கம். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. உள்ளே பச்சையம்மா காதுக்குப் பின்னால் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள், அதைப் பார்த்ததும் ஆத்திரம் வந்த வழியே போயிற்று.

போகும் முன் எல்லம்மாவைப் பார்த்தேன். பச்சைச் சேலையை எடுத்துவிட்டு வெள்ளை கட்டிவிட்டிருந்தார்கள். கொண்டையில் பூ இருந்த இடம் மொட்டையாகத் தெரிந்தது. அவளைத் தெருவில் பார்த்திருந்தால் அடையாளம் தெரிந்திருக்காது. என் திரி ஒன்றின் நுனியிலிருந்து சிவப்பு மணியை உருவி அவள் கையில் வைத்தேன். அதை விரலால் உருட்டிப் பார்த்தாள். "பூவும் வளையலும் கூடாதுன்னு சொல்லிகீறாங்க. இதப் பத்தி ஒண்ணும் சொல்லல" என்றாள். முடியைக் கொஞ்சம் விலக்கி உள்ளே எங்கேயோ கட்டிக்கொண்டாள். கட்டிய பிறகுதான் அழுதாள்.

அத்தை புளிசாதம் கட்டிக் கொடுத்தாள், பெட்டியை அவளே தூக்கி வண்டியில் வைத்தாள். அதே நஞ்சப்பாதான். இந்த முறை அவர் கேட்டார், யார் வீட்டு ஆள் என்று. மிஷன் ஆயா, ஜாக்கிரதையாக ரயில் ஏற்றிவிடு என்றாள் அத்தை. சொல்லிவிட்டு என் நெற்றியில் ஒட்டியிருந்த மணலைக் கட்டை விரலால் துடைத்தாள். காற்று அப்போது அடிக்கவே இல்லை, மணலும் இல்லை.

வண்டி மணல்மேட்டைத் தாண்டியது. நான் தலைத்துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டேன். பிறகு நஞ்சப்பா மாட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எம் பொண்டாட்டியும் அந்த எழவுல இருந்தாம்மா. ஊட்டுக்கு வந்து ஒண்ணும் சொல்லல, சொல்லவும் கூடாது. நானும் கேக்கக் கூடாது. நீங்களா சொன்னா கேட்டுக்கலாம்."

அஞ்சலை என் பேர், லிண்டிவே என்றும் பேர், சின்னசாமி மகள், நோமூசா மகள் என்றேன். இரண்டாவது பேரை அவர் இரண்டு முறை தப்பாகவும் ஒரு முறை சரியாகவும் சொல்லிப் பார்த்தார். அத்தையின் பேரை நான் சொல்லவில்லை. பச்சையம்மாவுக்குக் கல்யாணம் ஆக வேண்டும்.

வண்டி ஸ்டேஷனுக்குத் திரும்பும் இடத்தில் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "இந்த ஊர்ல சொந்தம்னு யாரும் இல்லியா?"

"நேத்து ஒரு அத்தை இருந்தாங்க" என்றேன்.